நந்தினி யார் மகள்?

தொலைக்காட்சித் தொடர்களை நாள்தோறும் பார்ப்போர் ஒன்றை நன்கு அறிவர். நேற்றுவரை ஒரு பாத்திரத்தில் நடித்து வந்த நடிகை ஏதோ காரணத்தால் விலகிவிடுகிறார். மறுநாள் வேறொருவர் அதே பெயரைத் தாங்கி, அதே கூடத்தில் நின்று, அதே மாமியாரோடு வழக்காடுகிறார். 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று திரையின் அடியில் ஓர் அறிவிப்பு வரும். அவ்வளவே. இரண்டொரு நாளில் புதுமுகம் பழமுகமாகிவிடும். முகம் மாறினால் இவ்வளவு எளிதாகப் பொறுத்துக்கொள்ளும் இதே சனங்கள், முகம் மாறாமல் குணம் மாறினால் மட்டும் பொறுப்பதில்லை. நேற்றுச் சாதுவாயிருந்தவள் இன்று நஞ்சு கலக்கிறாள் என்றால், "இவள் அவளல்லள், இரட்டைப் பிறவியாக இருக்கவேண்டும்" என்பார் ஒருவர். "மனநோய்" என்பார் மற்றொருவர். "கதை எழுதுகிறவர் மறந்துபோனார்" என்று சலித்துக்கொள்வார் மூன்றாமவர். வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் மாலை ஏழு மணிக்குமேல் நடக்கும் இந்த ஆராய்ச்சிகளைச் செவிமடுத்தவர்கள், உரையாசிரியர் மரபு தமிழரிடத்தில் இன்னும் அழியவில்லை என்றே கொள்வர்.

தமிழில் இத்தகைய ஆராய்ச்சிக்கு மிகுதியும் இலக்கான பாத்திரம் தொலைக்காட்சியில் தோன்றியதன்று. வாரப் பத்திரிகையில் தோன்றியது. கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டுக்கு மேலாக, வாரந்தோறும் வெளிவந்தது. அதிலே பழுவூர் இளையராணியாக வரும் நந்தினி யார் என்னும் கேள்வி அன்று எழுந்தது, இன்றும் அடங்கவில்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்தினத்தின் இரு பாகத் திரைப்படம் வந்தபோது, புத்தகத்தைத் தொட்டுப் பார்த்திராத இளைஞரும் அந்த வழக்கிலே கட்சிக்காரராயினர்.

கதையை மறந்தவர் பொருட்டுச் சிறிது சொல்ல வேண்டும். நந்தினி முதலில் நமக்கு மூடுபல்லக்கின் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கைதான். அறுபது கடந்த பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி அவள் என்று ஊர் சொல்கிறது. ஆழ்வார்க்கடியான் வந்து, அவள் தன் வளர்ப்புத் தங்கை என்றும், நந்தவனத்தில் கண்டெடுத்ததால் நந்தினி என்று பெயரிட்டதாகவும் சொல்கிறான். ஆதித்த கரிகாலன் மாமல்லபுரத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் மனந்திறக்கும்போது, அவள் அவனுடைய இளமைக் காதலியாகிறாள். பின்னர் வீரபாண்டியன் உயிருக்காகக் குடிசை வாயிலில் மன்றாடிய பகைவனின் நாயகியாகிறாள். நள்ளிரவிலே அவளைக் கண்ட சுந்தர சோழர், தாம் என்றோ கைவிட்ட ஊமைப் பெண்ணின் ஆவி என்று நடுங்குகிறார். குந்தவையோ அவளைத் தன் தமக்கை என்று எண்ணுகிறாள். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளுக்கு அவள் வஞ்சினம் முடிக்க வந்த அரசி. திருப்புறம்பியம் பள்ளிப்படையில் ஒரு சிறுவனுக்கு அவர்கள் முடிசூட்டும்போது அவள்தான் நடுநாயகம். கடைசியில், பாதாளச் சிறையில் கிடந்த கருத்திருமன் சொல்லும் பழங்கதையால் அவள் வீரபாண்டியனுக்கும் மந்தாகினிக்கும் பிறந்தவள் என்று ஆகிறது.

இத்தனை பெயர்களில் எது அவள்? வாதம் செய்வோர் எல்லோரும் கடைசியில் சொல்லப்பட்டதையே உண்மையாகக் கொண்டு, முன் சொல்லப்பட்டவற்றைத் திரை என்றும் மயக்கம் என்றும் தள்ளிவிடுகின்றனர். துப்பறியும் கதைக்கு அம்முறை பொருந்தும். நந்தினிக்குப் பொருந்துமா என்பதே என் ஐயம். மேலே சொன்ன வரிசையை மறுபடி ஒருமுறை பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றுள் ஒன்றேனும் அவள் வாயால் முதலில் வந்ததன்று. தங்கை வேண்டியவன் தங்கை என்றான். குற்றவுணர்ச்சியால் வாடிய முதியவர் ஆவி என்றார். அரசகுலத்து மானங் காக்க நினைத்தவள் தமக்கை என்றாள். சதிசெய்ய ஒரு கொடி தேவைப்பட்டவர்கள் இராணி என்றனர். ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய நந்தினியைச் செய்து அவள்மேல் உடுத்துகின்றனர். அவள் குணம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று வியக்கும் வாசகர், அவளுக்கு எதிரே நிற்பவர் யார் என்பதையும் சற்றுக் கவனித்தல் வேண்டும்.

இனி வாசகர் கொள்கைகளுக்கு வருவோம். இவற்றுள் வலிமை மிக்கது பிறப்பைப் பற்றிய வழக்கு. கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்திலே, ஐந்து பாகங்களையும் மேசையில் பரப்பிவைத்து, முதற் பாகத்து வாக்கியம் ஒன்றை ஐந்தாம் பாகத்து வாக்கியத்தோடு முடிச்சுப்போடும் அன்பர்களை யான் கண்டதுண்டு. எங்கோ கிடக்கும் அடியை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வதில் நச்சினார்க்கினியர் வல்லவர் என்பதைப் பண்டித வகுப்பில் பயின்றவர் அறிவர். அவர் இன்றிருந்தால் நந்தினிக்கு உரை எழுதாமல் விட்டிருக்கமாட்டார்.

அன்பர்கள் முட்டிக்கொள்ளும் இடம் அந்தக் குடிசை. போரில் தோற்றுப் படுகாயமுற்ற வீரபாண்டியன் அங்கே படுக்கையில் கிடக்கிறான். துரத்திவந்த கரிகாலன் கண்டது, தான் சிறுவயதில் விரும்பிய பெண் அவனுக்குப் பணிவிடை செய்வதை. அவள் காலில் விழுந்து வீரபாண்டியனுக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறாள். கரிகாலனின் காதில் விழுந்தது காதலியின் அழுகை. அவன் வெட்டினான். இங்கேதான் இடர்ப்பாடு. அவள் வீரபாண்டியனின் மகள் என்றால் தந்தையைக் காதலன்போல் காட்டி மன்றாடினாள் என்பது பொருந்துமா? பொருந்தும் என்பார், தான் மகள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது என்பர். அப்படியாயின் அவள் கொண்ட அன்பு எத்தகையது என்ற மற்றொரு கேள்வி பிறக்கிறது. அக்கேள்வியை மரியாதைப்பட்டோர் பாதியிலே விட்டுவிடுகின்றனர். பொருந்தாது என்பார், கருத்திருமன் ஒரு பைத்தியக்காரன், அவன் சாட்சி செல்லாது என்பர். மூன்றாம் கட்சியார், அக்காட்சி முழுவதையும் நமக்குச் சொன்னவன் கரிகாலனே என்று நினைவூட்டுகின்றனர். பொறாமையால் வெந்தவன் சொன்ன சாட்சியம் அது. அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பதையும் அவன் மனத்தின் வழியாகவே கேட்கிறோம். எனக்கு இந்த மூன்றாம் கட்சியிடத்தே சார்பு உண்டு. வழக்குமன்றத்தில் குற்றவாளியின் வாக்குமூலத்தை மாத்திரம் கொண்டு, செத்தவனுக்கும் அழுதவளுக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பார் இல்லை.

வாரந்தோறும் எழுதுகின்றவர் வழியிலே எண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்பது வேறொரு கொள்கை. முதலில் அவளைச் சுந்தர சோழர் மகளாகவே கருதியிருந்த கல்கி, இடையில் கதையைத் திருப்பினார் என்பர். தொடர்கதை எழுதிய எவரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். மறுப்பதும் கடினம், நிறுவுவதும் கடினம். ஆயினும் இரண்டாம் பாகத்திலேயே, ஈழநாட்டில், ஊமைராணி தன் வரலாற்றைச் சுவரிலே சித்திரமாகத் தீட்டிவைத்த அத்தியாயம் வந்துவிடுகிறது. அவள் தாயான செய்தி அங்கேயே இருக்கிறது. அஸ்திவாரம் முதலிலேயே இடப்பட்டது. மேல்மாடத்தின் சாளரம் எத்திசை நோக்குவது என்பதில் வேண்டுமானால் ஆசிரியர் பின்னர் மாறியிருக்கலாம்.

இளையோர் கூறும் மனநோய்க் கொள்கையை நெடிது ஆராய வேண்டியதில்லை. 2005இல் வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' ஆகிய படங்களுக்குப் பிறகு, ஒருவர் இருவராக நடந்துகொண்டால் உடனே அந்த நோயின் பெயரைச் சொல்லும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. அப்படங்களில் ஒரு குணமாக இருப்பவர் மற்றைக் குணமாகச் செய்ததை நினைவிற் கொள்வதில்லை. நந்தினியோ எதையும் மறப்பவளல்லள். மறக்க முடியாமையே அவளுடைய நோய்.

மேனாட்டுக் கதை பயின்றவர்கள் வேறொருத்தியை நினைவூட்டுவர். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா 1844இல் எழுதிய 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையிலே மிலேடி என்பாள் ஊருக்கு ஒரு பெயரோடு உலவுகிறாள். பிரபுவின் மனைவியாக ஒரு பெயர், இங்கிலாந்திலே வேறொரு பெயர், இன்னும் சில. வந்தியத்தேவனிடத்தே அக்கதை நாயகன் தார்த்தஞானின் சாயலைக் கண்டவர்கள், நந்தினியிடத்தே மிலேடியின் சாயலையும் கண்டனர், அதில் தவறில்லை. ஆனால் மிலேடியின் தோளிலே குற்றவாளிக்கு இடும் சூட்டுக்குறி ஒன்று உண்டு. ஆடை விலகி அது தெரிந்த கணத்திலே அவள் யார் என்ற கேள்வி தீர்ந்துவிடுகிறது. நந்தினியின் உடலில் அத்தகைய குறி எதுவுமில்லை. அவளிடம் உள்ள ஒரே அடையாளம் தாயின் முகம். அந்த முகமோ கேள்வியைத் தீர்ப்பதற்கு மாறாகப் பெருக்குகிறது. பார்த்தவர் ஒவ்வொருவரும் அதில் வேறொருவரைக் காண்கின்றனர். திரைப்படத்தில் தாயாகவும் மகளாகவும் ஐசுவரியா ராயே நடித்தது இதனாற் பொருத்தமாயிற்று. தொலைக்காட்சியில் ஒரு பாத்திரத்துக்கு இருவர். இங்கே இரு பாத்திரத்துக்கு ஒருவர்.

துமா கடைசியில் மிலேடியின் தலையை வெட்டுவித்தார். கல்கிக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் பிரான்சு தேசத்தில் இல்லை, நம் வீட்டிலேயே இருக்கிறது.

பாண்டியன் பொருட்டாக ஒரு பெண் பழி முடிப்பது நந்தினியின் கதை. பாண்டியன்மேல் ஒரு பெண் பழி முடித்தது கண்ணகியின் கதை. சிலப்பதிகாரத்து முதற் காண்டத்தில் அதிகம் வாய்திறவாதிருந்த மனைவி, மதுரைக் காண்டத்தில் அரசவையை அதிரவைத்து நகரை எரிக்கிறாள். இருவரும் ஒருத்திதானா என்று அன்றிருந்த வாசகர் கேட்டிருப்பர். வகுப்பிலே இன்றும் கேட்கும் மாணவர் உண்டு. ஆனால் நூலிலே அதனினும் பெரிய மாற்றம் ஒன்று கடைசியில் இருக்கிறது. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் அது படுவதில்லை. வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையிலே, தெய்வவடிவில் செங்குட்டுவனுக்குக் காட்சி தரும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். அத்துடன் நில்லாது, தான் அவனுடைய மகள் என்றும் சொல்கிறாள். தன் கணவனைக் கொல்வித்தவனை, தன் சொல்லால் உயிர்விட்டவனை, தந்தை என்கிறாள். மாநாய்கன் மகளாகப் பிறந்தவள் அவள் என்பதில் இளங்கோவுக்கு ஐயமில்லை. பிறப்பால் வந்த உறவன்று அது. அவளாகவே எடுத்துக்கொண்ட உறவு.

பின்வந்த மக்கள் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைக்கவில்லை. மகள் என்றாளா, ஆயின் மெய்யாகவே மகளாகத்தான் பிறந்திருக்கவேண்டும் என்று துணிந்தனர். ஈழத்துக் கண்ணகி கதை மரபிலும் சிங்கள மக்களின் பத்தினித் தெய்வக் கதையிலும் அவள் பாண்டியன் சோலையில் மாங்கனியில் தோன்றுகிறாள். பின்னர்ப் பேழையில் வைத்து நீரில் விடப்பட்டு வணிகர் கையை அடைகிறாள். பத்தினிக்கு ஏழு பிறவிகள் என்றும் சிங்கள மரபு எண்ணும். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் இக்கதைகள் எல்லாம் விரிவாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. மட்டக்களப்பிலே வைகாசியில் கண்ணகிக்குச் சடங்கு செய்யும் அடியார்கள், வாரப் பத்திரிகை வாசகர் செய்ததைப் பல நூற்றாண்டுக்கு முன்னமே செய்து முடித்துவிட்டனர். பாத்திரத்தின் குணமாற்றத்துக்குக் காரணம் தேடிப் பிறப்பிலே கொண்டுபோய் நிறுத்தினர்.

கல்கி இந்தக் கதைகளை மனத்திற் கொண்டு நந்தினியைப் படைத்தாரா என்பது என் ஆராய்ச்சியன்று. பேழையில் விடப்பட்ட பாண்டியன் மகளும், பெற்றவளால் வளர்க்கப்படாத பாண்டியன் மகளும் உடன்பிறந்தார்போல் தோன்றுகின்றனர் என்பது மாத்திரம் கண்கூடு. வேறுபாடு ஒன்றுதான், அது சிறிதன்று. நான் அவன் மகள் என்று கண்ணகி தானே சொன்னாள். நந்தினிக்கு மற்றவர்கள் சொன்னார்கள். கண்ணகி அச்சொல்லால் பழியை இறக்கிவைத்தாள். நந்தினியின் தலைமேல் அச்சொல்லாலேயே பழி ஏற்றப்பட்டது.

வரலாற்றில் இவள் இல்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியிலே உள்ள முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று இரவிதாசன் முதலானோரின் பெயர்களைக் குறித்து, அவர்களும் உறவினரும் உடைமை இழந்தமை கூறுகிறது. கொன்றவராகப் பெண் எவரும் அதிற் சொல்லப்படவில்லை. கொலைக்குப் பின்னணியில் உத்தம சோழன் இருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார், ஏனையோர் மறுத்தனர். கல்லில் உள்ள வெற்றிடத்திலேதான் கல்கி நந்தினியை நிறுத்தினார். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்தபோது கரிகாலனைக் கொன்ற கை எது என்பதையும் ஐயந்திரிபறச் சொல்லாமலே விட்டார். வரலாற்றாசிரியரும் நாவல் வாசகரும் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வழக்கை நடத்திக்கொண்டிருக்கின்றனர்.

நிற்க. என் பெரிய தாயாரைப் பற்றி இங்கே சொல்லாமற் போனால் அவர் என்னை மன்னிக்கமாட்டார். இப்பொழுது எண்பத்தைந்தைக் கடந்தவர். கொட்டாஞ்சேனையில் மகளுடன் இருக்கிறார். வெள்ளவத்தையில் பெண்பிள்ளையாக இருந்த காலத்தில் 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் படித்தவர். அவருடைய தகப்பனார் இதழ்களிலிருந்து தாள்களைக் கழற்றிப் பாகம் பாகமாகக் கட்டுவித்து வைத்திருந்தார். ஐந்தாம் பாகக் கட்டை இரவல் வாங்கிப்போன உறவினர் ஒருவர் திருப்பித் தரவேயில்லை. ஆகவே அந்த வீட்டிலே நாலு பாகங்கள் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டன. ஐந்தாவது ஒருமுறை மாத்திரம் படித்த நினைவாய் நின்றது. நாலு பாகங்கள் வரைக்கும் குந்தவையின் எண்ணமே ஓங்கி நிற்கும் என்பதை நூலறிந்தோர் அறிவர். பெரியம்மாவுக்கு நந்தினி என்றும் சுந்தர சோழரின் மகள்தான். அப்பாவின் வீட்டில் இடங் கிடையாத மூத்த பெண்.

1983 ஆடியில் அந்த வீடு எரிந்தது. நாலு கட்டும் அதனோடு போயின. கப்பலிலே காங்கேசன்துறைக்குப் போய், யாழ்ப்பாணத்திலே பன்னிரண்டு ஆண்டு இருந்து, 1995இல் அங்கிருந்தும் பெயர்ந்து, வன்னி வழியாய்க் கொழும்புக்குத் திரும்பியபோது அவர் கையில் இருந்தது ஒரு துணிப்பை. தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து ஐந்து பாகங்களையும் யான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு மாதத்தில் முடித்துவிட்டார். முடித்தபின் அவர் சொன்னது இது:

"மோனை, இது அவர் பிறகு மாத்தி எழுதினது."

ஆசிரியர் 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார் என்றும், புத்தகத்தில் உள்ளது பத்திரிகையில் வந்ததே என்றும் எடுத்துரைத்தேன். அவர் அசையவில்லை. தகப்பன் வீட்டில் உரிமையுள்ளவளை அந்நியன் பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதிதானே என்பது அவருடைய வாதம். மகள் என்று ஒப்புக்கொண்டால் வீடு கொடுக்கவேண்டும், பங்கு கொடுக்கவேண்டும், செய்த அநியாயத்தைச் சொல்லவேண்டும். பகைவனின் மகள் என்றால் ஒன்றும் வேண்டாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டார். எனக்கு விடை கிடைக்கவில்லை. ஐந்தாம் பாகத்தின் வெளிப்பாட்டால் நிம்மதியடைவோர் யார் யார் என்று அதன்பிறகு கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சோழ அரண்மனை முழுவதும் நிம்மதியடைகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது என் வகுப்பறையில் நிகழ்ந்தது. போர் முடிந்த இரண்டொரு ஆண்டில், வடக்கிலிருந்து வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசாதவள். நந்தினியின் குணநலனை ஆராய்க என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பழிவாங்கும் வேட்கை, அழகு, சூழ்ச்சி என்று ஏனையோர் பட்டியலிட்டு வந்தனர். இவள் மீன் இலச்சினை பொறித்த அந்தக் கொலைவாளைப் பற்றி மாத்திரம் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நந்தினி அந்த வாளைப் பேழையில் வைத்துப் போற்றுகிறாள், மடியில் கிடத்திக் கொஞ்சுகிறாள் என்று எல்லோரும் சொல்கிறோம். அதை அவள் கையிலே கொடுத்தவர்கள் தங்கள் கையால் ஏன் வீசவில்லை என்று கேட்டிருந்தாள். முழுமதிப்பெண் கொடுத்தேன். அக்கட்டுரையை வகுப்பிலே வாசிக்கச் சொல்லவில்லை. அவளிடம் வேறொன்றும் கேட்கவுமில்லை.

ஒவ்வொரு தலைமுறையும் ஒரு நந்தினியை வைத்துக்கொள்கிறது. மணியத்தின் தூரிகையில் ஒரு முகம், மறுபடி மறுபடி தொடராக வந்தபோது பத்மவாசன் முதலிய ஓவியர் கையில் வேறு முகங்கள், 1999இல் சென்னையிலே மாஜிக் லான்டேர்ன் குழுவினர் மேடையேற்றியபோது இன்னொன்று, பிறகு திரையில் ஒன்று. இந்த மாற்றங்களால் எவருக்கும் மனக்குறை இல்லை. திரைப்படத்தின் முடிவிலே அவளை நீரில் மூழ்கடித்தபோது மாத்திரம் பழைய வாசகர் பலர் வருந்தினர். நாவலிலே அவளுக்கு அந்த முடிவு இல்லை. 'நந்தினியின் மறைவு' என்று ஓர் அத்தியாயத்துக்குப் பெயர். மறைவு என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கல்கி கொண்டது முதற்பொருள்.

கதை திடீரென முடிந்துவிட்டது என்று வாசகர் குறைப்பட்டமையால் கல்கி பிற்சேர்க்கையாக ஒரு முடிவுரை எழுதினார். இன்னார் பின்னர் என்ன ஆயினர் என்று அதிலே ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறார். நந்தினி இறப்பதற்கு முன்னர் இராசராசன் ஒருமுறை அவளைச் சந்தித்தான் என்றும், தமையன் மரணத்தைப் பற்றிய உண்மையை அறிந்துகொண்டான் என்றும் அங்கே காண்கிறோம். அந்த உண்மை என்ன என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. எங்கே சந்தித்தான் என்பதும் சொல்லப்படவில்லை. கதை முழுவதும் அவளைப் பற்றி மற்றவர் பேசினர். அவள் தன்னைப்பற்றித் தானே முழுமையாகப் பேசிய ஒரே இடம் அதுவாயிருக்கலாம். அந்த இடத்தில் வாசகருக்குக் கதவடைத்துவிட்டார் ஆசிரியர்.

அதை எங்கே என்று பெரியம்மாவுக்குத் தெரியும். ஈழத்தில்தான். தாய் பிறந்து வளர்ந்த நாட்டுக்குத்தானே பெண் போவாள் என்கிறார். ஊமைத்தாய் சித்திரம் எழுதிவைத்த சுவர் இங்கேதானே இருந்தது; மற்றவர்கள் எல்லாம் பார்த்துப் பொருள் சொன்ன அந்தச் சித்திரத்தை மகள் ஒருமுறை பார்க்கவேண்டாமா என்கிறார். இராசராசன் காலத்திலே சோழர் படை ஈழத்தைக் கொண்டதும், மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர்பெற்றதும், அங்கே இராசராசேச்சரம் எழுந்ததும் கல்வெட்டால் அறியப்பட்டவை. அரசன் தானே வந்ததற்குச் சான்று வேண்டுமே என்றேன். அதைவிட, அவள் கடல் கடந்தது எப்படி? கதையிலே படகோட்டத் தெரிந்தவள் பூங்குழலி ஒருத்தி. அவளோ சேந்தன் அமுதனை மணந்து சோழநாட்டின் அரசியாகிவிட்டாள். அவள் வந்து துடுப்புப் பிடிப்பாளா?

"கோடிக்கரையிலை வள்ளம் வலிக்க வேறை ஆக்கள் இல்லையே?" என்று கேட்டார் பெரியம்மா.